லெகோவில் ஒரு டபிள்யூடிஎம்-2: அளவெடுப்பது முதல் ஓட விடுவது வரை

லெகோவில் சொந்தமாக ரயில் இன்ஜின் கட்ட உட்காருபவர்கள் பெரும்பாலும் முகத்திலிருந்துதான் தொடங்குவார்கள். ஹெட்லைட், கேபின் கண்ணாடி, அப்புறம் பக்கவாட்டில் நீளமாக ஒரு மஞ்சள் பட்டை. இரண்டு வாரம் கழித்து மோட்டார் வைக்கலாம் என்று திருப்பிப் பார்த்தால் அடியில் இடம் இருக்காது. எப்படியோ இடம் பண்ணி வைத்தாலும் முதல் வளைவிலேயே சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிவிடும். என் முதல் இன்ஜினை இப்படித்தான் கட்டி, மொத்தத்தையும் பிரித்தேன். அதற்குப் பிறகு நான் மாற்றாத வரிசை ஒன்று உண்டு: தண்டவாளம், சக்கரம், போகி, மோட்டார், சட்டம், கடைசியில் உடம்பு. கீழிருந்து மேலே போக வேண்டும். இந்த வழிகாட்டியும் அப்படியே போகிறது.

ஒரு வார்த்தையை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். பேச்சுவழக்கில் நாம் ரயில் பெட்டியையே போகி என்கிறோம். இங்கே நான் போகி என்று சொல்வது, பெட்டிக்கோ இன்ஜினுக்கோ அடியில் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டு தனியாகத் திரும்பும் அந்தச் சட்டத்தை. ரயில்வே ஊழியர்கள் சொல்வதும் அதைத்தான்.

எடுத்துக்காட்டுக்கு நான் எடுத்துக்கொள்ளும் இன்ஜின் டபிள்யூடிஎம்-2. பெயரில் உள்ள டபிள்யூ அகலப் பாதையைக் குறிக்கும், டி டீசலை, எம் பயணிகள் ரயிலுக்கும் சரக்கு ரயிலுக்கும் பொதுவானது என்பதை. 1962-இல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து வரத் தொடங்கி, 1964-இலிருந்து வாரணாசியில் தயாரான இன்ஜின் இது. பதினாறு சிலிண்டர், 2600 குதிரைத்திறன், மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம். இன்ஜின்களை நிறுத்திப் பராமரிக்கும் பொன்மலை, ஈரோடு ஷெட்களின் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்தக் குலுங்கும் சத்தமும், கிளம்பும்போது மேலே எழும் கரும்புகையும் மறக்காது. பிரியம் ஒரு காரணம். இன்னொரு காரணம் கணக்கு. அது லெகோவுக்கு அப்படிப் பொருந்துகிறது.

அளவுக் கணக்கு

லெகோத் துண்டின் மேல் உள்ள குமிழ்தான் ஸ்டட். ஒரு ஸ்டட்டிலிருந்து அடுத்த ஸ்டட்டுக்கு 8 மி.மீ. செங்கல் போன்ற ஒரு பிரிக்கின் உயரம் 9.6 மி.மீ., தட்டையான ஒரு பிளேட்டின் உயரம் 3.2 மி.மீ. மூன்று பிளேட் ஒரு பிரிக். தண்டவாளத்தின் உட்புற இடைவெளி ஏறக்குறைய 37.5 மி.மீ.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள நிலைப் பாதை 1435 மி.மீ. அதை 37.5-ஆல் வகுத்தால் 1:38 வரும். அந்த அளவில் கட்டினால் இன்ஜின் பத்து ஸ்டட் அகலத்துக்குப் போய்விடும். பெரும்பாலோர் அதை ஆறாகவோ எட்டாகவோ சுருக்குகிறார்கள். அதனால் மாடலின் உடம்புக்குத் தண்டவாளம் அகலமாகத் தெரியும். நம் அகலப் பாதை 1676 மி.மீ. அதை 37.5-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 1:45. டபிள்யூடிஎம்-2-இன் அகலம் 2.864 மீட்டர். 45-ஆல் வகுத்தால் 63.6 மி.மீ. எட்டு ஸ்டட் என்பது 64 மி.மீ. அதாவது எட்டு ஸ்டட் அகலத்தில் கட்டும் இந்திய டீசல் இன்ஜினில் உடம்பும் தண்டவாளமும் ஒரே அளவில் இருக்கும், எதையும் சுருக்க வேண்டியதில்லை. முதல்முறை இந்தக் கணக்கைப் போட்டபோது நான் மூன்று தடவை சரிபார்த்தேன்.

இந்த அளவில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஒரு ஸ்டட் நிஜத்தில் 36 செ.மீ., ஒரு பிரிக் உயரம் 43 செ.மீ., ஒரு பிளேட் 14 செ.மீ. இவற்றை வைத்துப் பக்கவாட்டுப் படத்தில் எதை வேண்டுமானாலும் அளந்துவிடலாம்.

மொத்த நீளம் 17.12 மீட்டர், அதாவது 380 மி.மீ. 48 ஸ்டட் என்று வைத்துக்கொள்வோம், பஃபர் முனை முதல் முனை வரை. தண்டவாளத்திலிருந்து உச்சி வரை உயரம் 4.185 மீட்டர், அதாவது 93 மி.மீ., 29 பிளேட். சக்கர விட்டம் 1092 மி.மீ., அதாவது 24 மி.மீ., மூன்று ஸ்டட். லெகோவின் வழக்கமான ரயில் சக்கரம் சுமார் 17 மி.மீ.தான். இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். லெகோவின் ரயில் மோட்டாரை அப்படியே பயன்படுத்துவதென்றால் சிறிய சக்கரத்தோடு சமாதானம் ஆக வேண்டும். டபிள்யூடிஎம்-2-இல் போகியின் பக்கச் சட்டம் சக்கரத்தின் மேல்பாதியை மறைப்பதால் அது கண்ணை அவ்வளவாக உறுத்தாது. நீராவி இன்ஜின் என்றால் இந்தச் சமாதானம் செல்லாது, பெரிய சக்கரம் வாங்கியே ஆக வேண்டும்.

வளைவு என்ன சொல்கிறது

லெகோவின் சாதாரண வளைவுத் தண்டவாளம் பதினாறு சேர்ந்தால் ஒரு முழு வட்டம். அதன் ஆரம் 40 ஸ்டட், அதாவது 32 செ.மீ. நிஜ ரயில்வேயில் கனவிலும் வராத கூர்மையான வளைவு இது. உங்கள் இன்ஜின் என்னவாக முடியும் என்பதை இந்த 40 என்ற எண்தான் முடிவு செய்யும்.

ஒரு நேர்க்கோலை வட்டப் பாதையின் மேல் வைத்தால் அதன் நடு எவ்வளவு உள்ளே தள்ளும் என்பதற்கு எளிய சூத்திரம்: நீளத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். நம் இன்ஜினில் இரண்டு போகிகளின் மையங்களுக்கு இடையே 28 ஸ்டட் என்று வைப்போம். 28-இன் வர்க்கம் 784. 320-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.5. அதாவது வளைவில் இன்ஜினின் இடுப்பு இரண்டரை ஸ்டட் உள்பக்கம் தள்ளும். இன்ஜினின் பாதி அகலம் 4 ஸ்டட். ஆக பாதையின் நடுவிலிருந்து உள்பக்கமாக ஆறரை ஸ்டட் வரை எதையும் வைக்கக் கூடாது.

முனை இதற்கு நேரெதிராக வெளியே போகும். 48 ஸ்டட் நீளத்துக்கு முனையின் நடுப்புள்ளி பாதையின் நடுவிலிருந்து நாலரை ஸ்டட், அதாவது 36 மி.மீ. வெளியே தள்ளும். மூலை 8 ஸ்டட் வரை போகும். பிளாட்பாரம், சிக்னல் கம்பம், சுரங்க வாய் எல்லாவற்றுக்கும் இதுதான் எல்லை. பிளாட்பாரத்தை நேர்ப்பாதையில் மட்டும் வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இரட்டைப் பாதை போடும்போது நடுவுக்கு நடு 16 ஸ்டட் விடுவது வழக்கம். வெளிப்பாதை இன்ஜினின் ஆறரையும் உள்பாதை இன்ஜினின் எட்டும் சேர்ந்து பதினாலரை. இரண்டு இன்ஜின்களும் வளைவில் ஒன்றையொன்று உரசாமல் கடந்துவிடும்.

அந்த 36 மி.மீ.யிலிருந்து இன்னொரு விஷயமும் வருகிறது. கப்ளிங்கை உடம்பில் பொருத்தினால் வளைவில் இன்ஜினின் காந்தமும் பெட்டியின் காந்தமும் எட்டாத தூரத்துக்குப் போய்விடும், அல்லது பெட்டியைப் பக்கவாட்டில் இழுத்துக் கவிழ்க்கும். எனவே காந்தக் கப்ளிங் போகியின் முனையில்தான் இருக்க வேண்டும். நிஜத்தில் உடம்போடு இருக்கும் அந்த முன்பக்கத் தடுப்புத் தகட்டையும் போகியிலேயே மாட்டிவிடுங்கள். நேர்ப்பாதையில் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

இடம் இருந்தால் வேறு நிறுவனங்கள் விற்கும் 56, 72, 88 ஸ்டட் ஆரமுள்ள வளைவுகளை வாங்கலாம். ஓட்டம் எவ்வளவோ அழகாக இருக்கும். ஆனாலும் இன்ஜினை 40-க்கே வடிவமையுங்கள். நண்பர் வீட்டுப் பாதையிலும் அது ஓட வேண்டும்.

மூன்று அச்சு போகி

டபிள்யூடிஎம்-2-இல் போகிக்கு மூன்று அச்சு. முதல் அச்சிலிருந்து மூன்றாவது அச்சு வரை சுமார் 3.8 மீட்டர், நம் அளவில் பத்தரை ஸ்டட்டுக்குக் கொஞ்சம் அதிகம். மூன்று அச்சுகளுக்கும் இடையே சம இடைவெளி கிடையாது என்பதுதான் இந்தப் போகியின் அடையாளம். ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் தள்ளியும் இருக்கும். எந்தப் பக்கம் எது என்பதைப் பக்கவாட்டுப் படத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சம இடைவெளியில் கட்டிவிட்டால் ஷெட்டில் வேலை பார்த்தவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.

இப்போது கணக்கு. மூன்று அச்சும் விறைப்பான ஒரே சட்டத்தில் இருந்தால் நடு அச்சு எவ்வளவு பக்கவாட்டில் நகர வேண்டும்? 10.6-இன் வர்க்கம் 112, வகுத்தல் 320. ஏறக்குறைய 0.35 ஸ்டட், அதாவது 2.8 மி.மீ. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே இயல்பாக உள்ள தளர்வு இதற்குப் போதாது. நடு அச்சுக்குத் தனியாகத் தளர்வு கொடுக்க வேண்டும். டெக்னிக் (துளை, அச்சு, கியர் கொண்ட லெகோ வகை) அச்சில் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே வழக்கமாக வைக்கும் அரை புஷ் என்ற சிறு வளையத்தை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டால், அச்சு இரண்டு பக்கமும் தாராளமாக நகரும். மோட்டார் இல்லாத போகிக்கு இதுவே போதும்.

மோட்டார் உள்ள போகியில் கதை வேறு. லெகோவின் ரயில் மோட்டாரில் இரண்டு அச்சுதான். மூன்றாவதை நாம் வெளியே சேர்க்க வேண்டும். வழியைக் காட்டுவது மோட்டாரின் இரண்டு அச்சுகள். மூன்றாவது அச்சு அந்தக் கோட்டின் நீட்சியில் நிற்கிறது. எடுத்துக்காட்டாக முதல் இரண்டுக்கும் இடையே 6 ஸ்டட், மூன்றாவது அதிலிருந்து 4.6 ஸ்டட் தள்ளி என்று வையுங்கள். 4.6-ஐ 10.6-ஆல் பெருக்கி, ஆரத்தின் இரண்டு மடங்கான 80-ஆல் வகுத்தால் 0.61 ஸ்டட். கிட்டத்தட்ட 5 மி.மீ. நடு அச்சுக்குத் தேவைப்பட்ட 2.8 மி.மீ.யைவிட இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அரை புஷ்ஷை எடுப்பதால் மட்டும் இது தீராது.

அதனால் மூன்றாவது அச்சை ஒரு தனிக் கையில் தொங்க விடுங்கள். மோட்டாரின் முனைக்குப் பக்கத்தில் ஒரு பின், அதிலிருந்து பின்னால் நீளும் ஒரு கை, அந்தக் கையின் கடைசியில் அச்சு. கை இடம் வலமாக 5 மி.மீ. ஆட வேண்டும், மேலும் கீழும் லேசாக, ஒரு மி.மீ. அளவுக்கு அசைய வேண்டும். இந்த மேல்கீழ் அசைவைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். லெகோ பாயிண்டில், அதாவது பாதை பிரியும் இடத்தில், சக்கரம் கடக்கும் இடைவெளி பெரியது. விறைப்பான மூன்று அச்சில் ஒன்று அந்தப் பள்ளத்தில் இறங்கும்போது மற்றொன்று தூக்கிக்கொள்ளும். தூக்கிக்கொண்டது மோட்டாரின் சக்கரமாக இருந்தால் அந்த இடத்தில் இழுவையே போய்விடும்.

என் இன்ஜின் ஒரு பாயிண்டில் மட்டும் பத்துக்கு மூன்று தடவை தடம் புரண்டுகொண்டே இருந்தது. தண்டவாளத்தைக் குறை சொல்லி அந்தப் பாயிண்டை மாற்றியும் பார்த்தேன். கடைசியில் தரையில் படுத்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்கு வைத்து, கையால் மெல்லத் தள்ளினேன். மூன்றாவது சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் உள்முகத்தைத் தேய்த்துக்கொண்டே வந்து, பாயிண்டின் நாக்கு தொடங்கும் இடத்தில் நகம் அளவுக்கு மேலே ஏறியது. பின்னைச் சுற்றியிருந்த பக்கச் சட்டத்தின் ஒரு டைல் (மேலே ஸ்டட் இல்லாத வழவழப்பான துண்டு), கை திரும்பும்போது இடித்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு டைலை எடுத்தேன். அதன்பின் புரளவே இல்லை.

பக்கச் சட்டத்தை அலங்காரமாக மட்டும் நினைக்கக் கூடாது என்பது அதிலிருந்து கற்றது. வளைவில் போகி உடம்புக்கு அடியில் சுமார் 20 டிகிரி திரும்புகிறது. போகியின் முனை இரண்டரை ஸ்டட் பக்கவாட்டில் வீசும். டீசல் டேங்கின் ஓரம், ஏணிப்படி, முன்பக்கப் பலகை என்று அது இடிக்கக்கூடிய ஒவ்வொன்றையும் இந்தத் திருப்பத்தில் வைத்துப் பாருங்கள்.

மோட்டாரும் மின்சாரமும்

லெகோ ரயில்கள் 1966-இல் 4.5 வோல்ட்டில் தொடங்கி, 12 வோல்ட், தண்டவாளத்திலேயே மின்சாரம் ஓடிய 9 வோல்ட் என்று பல தலைமுறைகளைக் கடந்துவிட்டன. பழைய 9 வோல்ட் தண்டவாளம் இன்றும் பிரியமாகத் தேடப்படுகிறது, விலையும் அப்படியே. புதிதாகத் தொடங்குபவருக்கு 2018-இல் வந்த பவர்டு அப் அமைப்பே சரி. ஒரு ரயில் மோட்டார், ஆறு டிரிபிள் ஏ பேட்டரி போடும் ஒரு ஹப், புளூடூத் ரிமோட். அதற்கு முந்தைய பவர் ஃபங்ஷன்ஸ் அகச்சிவப்புக் கதிரில் இயங்கியது, தயாரிப்பு நின்றுவிட்டது. கையில் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் தேடி அலைய வேண்டாம்.

ஹப் நான்கு ஸ்டட் அகலம், எட்டு ஸ்டட் நீளம். டபிள்யூடிஎம்-2-இன் நீண்ட ஹூட், அதாவது கேபினுக்கு ஒரு பக்கம் இயந்திரத்தை மூடியிருக்கும் நீளமான கூடு, நடைபாதை போக, ஆறு ஸ்டட் அகலம் வரும். இரண்டு பக்கமும் ஒரு ஸ்டட் சுவர் போனால் உள்ளே சரியாக நான்கு ஸ்டட். இன்ஜினின் இதயம் இருக்க வேண்டிய இடத்தில் ஹப் உட்கார்ந்துகொள்கிறது.

ஹப்பை மோட்டார் உள்ள போகிக்கு நேர் மேலே வையுங்கள். இழுவை என்பது ஓட்டும் சக்கரத்தின் மேல் விழும் எடைதான். மோட்டார் சக்கரத்தில் உள்ள ரப்பர் வளையம் உதவும், ஆனால் மேலே எடை இல்லாவிட்டால் அது வழுக்கும். கூடுதல் எடைக்கு இரும்பு நட்டுகளை ஒரு சிறு பெட்டியில் அடைத்து வைக்கலாம். ஈயம் வேண்டாம், குழந்தைகள் கைபடும் பொருள்.

ஒரு மோட்டாரா, இரண்டா? மூன்று நான்கு பெட்டிக்கு ஒன்று போதும். அதற்கு மேல் இரண்டு. ஹப்பில் இரண்டே வாய்தான், பவர்டு அப் பிளக்குகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கவும் முடியாது. இரண்டு மோட்டார் என்றால் ஹெட்லைட்டுக்கு வாய் இருக்காது. நான் ஒரு மோட்டார், ஒரு ஜோடி விளக்கு என்று வைத்திருக்கிறேன். இரவில் அறையை இருட்டாக்கி ஓட்டும்போது அந்தத் தேர்வுக்காக ஒருநாளும் வருந்தியதில்லை.

இரண்டு மோட்டார் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முன்போகியில் ஒன்று, பின்போகியில் ஒன்று என்று எதிரெதிர் திசை பார்த்து வைத்தால், ஒரே கட்டளைக்கு இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். இரண்டையும் ஒரே திசை பார்த்து வைத்தால் பிரச்சினை இல்லை. முடியாவிட்டால், செயலியில் ஒரு மோட்டாரின் திசையைத் திருப்பி எழுத வேண்டும்.

இதற்கு பைபிரிக்ஸ் என்ற இலவச மென்பொருள் நல்லது. பைத்தான் மொழியில் சில வரி எழுதி, பிரவுசரிலிருந்தே புளூடூத் வழியாக ஹப்புக்குள் அனுப்பலாம். நான் எழுதியிருப்பது எளிமையானது. ரிமோட்டில் ஒரு அழுத்து அழுத்தினால் இலக்கு வேகம் பத்து சதவீதம் கூடும். ஆனால் மோட்டாருக்குப் போகும் சக்தி ஐந்தில் ஒரு வினாடிக்கு இரண்டு சதவீதமாகத்தான் ஏறும். நிறுத்தும்போதும் அப்படியே. நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள இன்ஜின் சட்டென்று பாய்ந்து கிளம்பாது; இந்த ஒரு மாற்றத்தில் பொம்மை இன்ஜினாகிவிடுகிறது.

ரயில் மோட்டார் வேண்டாம், பெரிய சக்கரம் போட்டு டெக்னிக் மோட்டாரில் ஓட்ட வேண்டும் என்பவர்களும் உண்டு. அவர்கள் கியர் கணக்கைக் கட்டாயம் போட வேண்டும். டெக்னிக் வகையில் ஒன்றான எல் மோட்டார் சுமையோடு நிமிடத்துக்கு 300 சுற்று ஓடுவதாக வையுங்கள். 17 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 53 மி.மீ. நேரடியாக இணைத்தால் வினாடிக்கு 27 செ.மீ. இதை 45-ஆல் பெருக்கினால் நிஜத்தில் மணிக்கு 43 கிலோமீட்டர், சரக்கு ரயில் வேகம். 20 பல் கியர் 12 பல் கியரைச் சுற்றும்படி வைத்தால் மணிக்கு 72. எனக்கு இது போதும். இதற்கு மேல் போனால் 40 ஸ்டட் வளைவில் பெட்டிகள் வெளியே சாயத் தொடங்கும்.

டெக்னிக் மோட்டாரை உடம்பில் வைத்து, போகியின் மையத்தின் வழியாகச் செங்குத்து அச்சை இறக்கி ஓட்டுவது பலர் செய்யும் முறை. பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் அந்த அச்சின் முறுக்கு போகியையே ஒரு பக்கம் திருப்பப் பார்க்கும். நேரே போகும்போது தெரியாது, சுமையோடு பாயிண்டில் ஏறும்போது தெரியும். முடிந்தால் மோட்டாரைப் போகிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்யும் பேட்டரி ஆறு சேர்ந்தால் 7.2 வோல்ட், சாதாரணமானது 9 வோல்ட். வேகம் கொஞ்சம் குறையும், செலவு நிறைய மிச்சம்.

மொட்டைச் சட்டத்தை ஓட விடுங்கள்

உடம்பு கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய மிக முக்கியமான வேலை இது. கையில் இருக்கும் எந்த நிறத்திலாவது நீண்ட பிளேட்டுகளை எடுத்து 46 ஸ்டட் நீளத்தில் சட்டம் போடுங்கள். ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் இணைப்புக்கு நேரே வரக் கூடாது. கொத்தனார் செங்கல் அடுக்குவது போல மாற்றி மாற்றி வர வேண்டும். நடுவில் முதுகெலும்பாக 16 ஸ்டட் நீள டெக்னிக் பிரிக்குகள். இரு முனையையும் பிடித்துத் தூக்கினால் நடு தொய்யக் கூடாது.

இரண்டு போகி, ஹப், இறுதி எடைக்கு ஈடாகச் சில்லறைக் காசுகள். அவ்வளவுதான். இதை ஓட்டுங்கள். இடப்பக்க வளைவு, வலப்பக்க வளைவு, இரண்டும் அடுத்தடுத்து வரும் எஸ் வளைவு, பாயிண்டில் இரு திசையிலும். இழுத்துக்கொண்டும் தள்ளிக்கொண்டும். தள்ளும்போதுதான் குறைகள் வெளியே வரும். காதையும் வையுங்கள். தண்டவாள இணைப்பில் சீரான டக் டக் வரலாம். வளைவில் மட்டும் கிர்ர் என்று தேய்ந்தால் எங்கோ விளிம்பு உரசுகிறது.

அரைமணி நேரம் புரளாமல் ஓடிய பிறகே அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

கணினியில் உடம்பு, அப்புறம் கொள்முதல்

பிரிக்லிங்க் தளத்தின் ஸ்டுடியோ மென்பொருள் இலவசம். எந்தப் பாகம் எந்த நிறத்தில் வந்திருக்கிறது என்று காட்டும், பட்டியலும் போட்டுத் தரும். இன்ஜின் வளைவில் ஓடுமா என்பதை மட்டும் அது சொல்லாது. அதற்குத்தான் மொட்டைச் சட்டம்.

நிறத்தை முதலிலேயே தீர்மானியுங்கள். ஒவ்வொரு ஷெட்டும் தன் இன்ஜின்களுக்குத் தனி வண்ணம் அடித்த காலம் உண்டு; உங்களுக்குப் பிடித்த ஷெட்டின் படத்தை வைத்துக்கொள்ளுங்கள். கருஞ்சிவப்பு என்றால் ஒரு விஷயம். சில ஆண்டுகளுக்கு முன் வந்த கருஞ்சிவப்பு, செம்பழுப்பு லெகோ பாகங்கள் எளிதில் விரிசல் விடுபவை. பழைய பாகங்களை மொத்தமாக வாங்கி, கிளிப் உள்ள துண்டுகள் அழுத்தியதும் உடைந்த அனுபவம் எனக்கு உண்டு. அந்த நிறங்களில் புதிய பாகமாகவே வாங்குங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. வெளிநாட்டு விற்பனையாளரிடம் நான்கு தடவை சிறிது சிறிதாக வாங்கினால் தபால் செலவும் வரியும் சேர்ந்து கையைக் கடிக்கும். வடிவமைப்பை முழுவதும் முடித்து, இங்கே கிடைப்பதை இங்கே வாங்கி, மீதியை ஒரே தடவையில் வரவழையுங்கள். சின்னத் துண்டுகள் பத்து சதவீதம் கூடுதலாக.

உடம்பு கட்டுவது

இந்த இன்ஜினின் உருவத்தைக் காப்பாற்றுவது மூன்று விஷயங்கள்: குட்டை ஹூட், கேபின், நீண்ட ஹூட் ஆகியவற்றின் நீள விகிதம்; நடைபாதையின் உயரம்; கேபின் கூரையின் வளைவு. இந்த மூன்றும் சரியாக வந்துவிட்டால் மற்றவை குறைந்தாலும் மனசு ஒப்பும். படத்தில் அளவுகோல் வைத்து அளந்து, மில்லிமீட்டரை ஸ்டட்டாக்கிக் குறித்துக்கொண்டு தொடங்குங்கள். கண் அளவை நம்ப வேண்டாம்.

ஹூட் ஆறு ஸ்டட், கேபின் எட்டு ஸ்டட். ஹூட்டின் பக்கவாட்டுக் கதவுகளுக்கும் காற்றுத் துவாரங்களுக்கும் பாகங்களைப் பக்கவாட்டில் திருப்பி ஒட்ட வேண்டும். இதற்கு உயிர்நாடியான கணக்கு: ஐந்து பிளேட் உயரம் 16 மி.மீ., இரண்டு ஸ்டட் அகலமும் 16 மி.மீ. எனவே ஐந்து பிளேட் உயரத்துக்குள் இரண்டு ஸ்டட் அகலமுள்ள டைலைப் பக்கவாட்டில் இடைவெளி இல்லாமல் பொருத்தலாம். ஹூட்டின் உயரத்தை ஐந்தின் மடங்காக, அல்லது அதற்கு மேல் ஒன்றிரண்டு பிளேட் கூரையாக வரும்படி திட்டமிட்டால் பின்னால் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. காற்றுத் துவாரத்துக்கு ஒன்றுக்கு இரண்டு அளவுள்ள கிரில் டைல். நீண்ட ஹூட்டின் கடைசியில் கூரை மேல் ரேடியேட்டர் விசிறி. வட்ட டைலை ஒரு பிளேட் ஆழத்துக்கு இறக்கி வைத்தால் நிழல் விழுந்து நிஜமாகத் தெரியும்.

வண்ணப் பட்டைக்கு ஒரு வரிசை பிளேட் போதும். நிஜ அளவில் அது 14 செ.மீ. ஸ்டிக்கர் ஒட்டுவதைவிட இது எனக்குப் பிடிக்கும், வெயிலில் உரியாது.

கைப்பிடிக் கம்பிகள் விஷயத்தில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். லெகோ கம்பியின் தடிமன் 3.2 மி.மீ. நம் அளவில் அது 14 செ.மீ. தடிமனுள்ள உருளை, வீட்டுக் கழிவுநீர்க் குழாயைவிடத் தடிமன். நடைபாதை முழுக்க அதைப் போட்டால் இன்ஜினே மறைந்துவிடும். படியேறும் இடத்தில் மட்டும் நான்கு கம்பி வைத்தேன். பார்ப்பவர்களின் கண் மீதியை நிரப்பிக்கொள்கிறது.

ஹூட்டின் கூரை கழற்றும்படி இருக்க வேண்டும். பேட்டரி மாற்ற ஒரு முறை, ஹப்பை இயக்க ஒவ்வொரு முறையும் என்று இரண்டு தேவை. இயக்கும் பொத்தானுக்கு மட்டும் கூரையையே எடுக்க வேண்டாம். பொத்தானுக்கு நேர் மேலே கூரையில் ஒரு ஸ்டட் ஓட்டை விட்டு, அதில் தளர்வாக ஒரு சிறு அச்சை நிறுத்தி, உச்சியில் வட்டத் துண்டு ஒன்றை மாட்டுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் புகைபோக்கி மூடி. அழுத்தினால் இன்ஜின் உயிர்பெறும்.

வயரை இழுத்துக் கட்டாதீர்கள். போகி இரு பக்கமும் 20 டிகிரி திரும்பும் அளவுக்குத் தளர்வு வேண்டும். ஆனால் சக்கரத்தில் சிக்கும்படி தொங்கவும் கூடாது. மையப் பின்னுக்குப் பக்கத்தில் மேலேற்றினால் இரண்டும் சரியாகிவிடும்.

பெட்டியும் பராமரிப்பும்

பின்னால் எதை மாட்டுவது? பெரம்பூர் ஐசிஎஃப் பெட்டி அகலம் 3.245 மீட்டர். நம் கணக்கில் 72 மி.மீ., துல்லியமாக ஒன்பது ஸ்டட். நிஜத்திலும் பெட்டி இன்ஜினைவிட அகலம்தான், பிளாட்பாரத்தில் நின்று கவனித்தவர்களுக்குத் தெரியும். நீளம் 59 ஸ்டட் வரும். 40 ஸ்டட் வளைவில் அது சரிப்படாது. சில ஜன்னல்களைக் குறைத்து 48-க்குள் கொண்டுவாருங்கள். ஐந்து பெட்டிக்கு மேல் போனால் வளைவில் காந்தங்கள் விட்டுவிடும். பெட்டிகளுக்கு இடையே டெக்னிக் கம்பியால் இணைத்து, இன்ஜினுக்கும் முதல் பெட்டிக்கும் இடையே மட்டும் காந்தம் வையுங்கள். இன்ஜினை மாற்றி மாட்ட அதுவே வசதி.

மாதம் ஒரு தடவை திருப்பிப் போட்டு அச்சுகளைப் பாருங்கள். தரையில் ஓடும் இன்ஜினின் அச்சில் தலைமுடி சுற்றிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மோட்டார் திணறும். சிறு கொக்கியால் எடுத்துவிடுங்கள். சமையல் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் விட வேண்டாம், தூசி பிடித்துப் பிசினாகிவிடும். தேய்மானம் இருந்தால் சிலிகான் எண்ணெய் ஒரு துளி, அதுவும் அச்சின் துளையில் மட்டும். ரப்பர் வளையம் பளபளவென்று வழுவழுப்பானால் ஈரத்துணியால் துடையுங்கள், அப்போதும் வழுக்கினால் மாற்றுங்கள்.

கடைசியில் எண். கேபினின் இரு பக்கமும், ஹூட்டின் இரு முனையிலும் இன்ஜின் எண்ணும் ஷெட்டின் பெயரும் வரும். உங்கள் ஊர் ஷெட்டில் நின்ற இன்ஜினின் படத்தைத் தேடி, அதே எண்ணை, அதே எழுத்து வடிவில், மெல்லிய ஒட்டுத்தாளில் அச்சடித்து டைலின் மேல் ஒட்டுங்கள். நான் ஒட்டி முடித்ததும் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் எண்ணைப் பார்க்கவில்லை. இன்ஜினைத் திருப்பிப் பிடித்து, மூன்றாவது அச்சை விரலால் இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தார்.